வாசலில் நிற்கிறவள்

சிம்மக்கல்லில் நாலு கடை ஏறி இறங்கி ரமலான் பற்றிய அந்தப் படப் புத்தகத்தை வாங்கி வந்தவள் நான். ஒன்றாம் வகுப்பில் கூடப் படிக்கிற பிள்ளைகளின் பண்டிகையை என் மகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். பிறை பார்க்கும் பக்கம்வரை மடியில் உட்கார்ந்து கேட்டாள். நோன்புக் கஞ்சிப் படம் வந்ததும், "இதுல என்னம்மா போடுவாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டு அக்காவிடம் ஓடிவிட்டாள். அவர் நோன்பு வைப்பவர்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் மாடிதான். "மாடி அத்தை சொன்னாத்தான் நல்லாருக்கு, நீ சும்மா வாசிக்கிற" என்றாள். நான் சுட்டுவைத்த வடையைக்கூட, "பாங்கு சொல்லட்டும்மா" என்று தொடவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. புத்தகத்தை எடுத்து பீரோவில் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அவள் தேடக்கூட இல்லை, வெறுங்கையோடு படியேறினாள். இருட்டினதும் நான்தான் மாடிவரை போய் ஒரு சத்தம் போட்டுவிட்டு இறங்குவேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் அவளே ஒரு படப் புத்தகம் வரைந்து வந்தாள். பள்ளிவாசல் கஞ்சி நிறைந்த தூக்குவாளி, பேரீச்சம்பழம், அத்தையின் மடியில் அவள். கதவுக்கு வெளியே, இடுப்பில் கைவைத்தபடி ஒருத்தி.

"இது யாருடி?"

"நீதாம்மா. அத்தை தெனமும் உள்ள வாங்கன்னு கூப்புடுறாங்க. நீதான் வாசல்லயே நின்னு கத்திட்டுப் போயிருறியே."