நூற்றிரண்டு

மேஸ்திரியம்மாவின் சுகர் மெஷின் ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ரத்தத்தை உறிஞ்சி முடித்ததும் ஒரே ஒரு தடவை ‘பீப்’ என்று கத்தும். அதற்கு மேல் அதற்குப் பேசத் தெரியாது. சுகர் எவ்வளவு என்பதைச் சின்னத் திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். யாருக்குக் காட்டுகிறோம் என்று அதைச் செய்தவர்கள் ஒரு நிமிடமாவது யோசித்தார்களா என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. சுகர் முற்றினால் பார்வை போகும் என்று ஆஸ்பத்திரிச் சுவரிலேயே படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அப்படிப் பார்வை போனவர் கைக்குத்தானே இந்த மெஷின் போகும்? அவரிடம் மட்டும் அது ஊமையாகிவிடுகிறது.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு மொபைல் கடையில் நான் பல வருடங்களாக வேலை செய்கிறேன். என் அம்மா உப்பளத்தில் கூடை சுமந்த காலத்தில் அந்தப் பெண்களுக்கெல்லாம் இவர்தான் மேஸ்திரி. ஊரே மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடும். கண் போனபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. உப்பு மேல் அடிக்கிற வெயிலைப் பார்த்துப் பார்த்தே பார்வை போய்விட்டது என்று ஊரில் சொன்னார்கள். டாக்டர் சுகர்தான் காரணம் என்றார். “ரெண்டும் சேந்து எடுத்துக்கிச்சி, போ” என்று மேஸ்திரியம்மா சொல்லிவிட்டார். மகனும் மருமகளும் விடிவதற்குள் அளத்துக்குப் போய்விட்டு உச்சி வெயிலுக்குத்தான் திரும்புவார்கள். அதுவரை வீட்டில் அவர் ஒருத்தர்தான். அந்த நேரத்தைத் தானே பார்த்துக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு வீம்பு. சோறு வடிப்பார், துணி துவைப்பார், ஊசியும் தானே போட்டுக்கொள்வார்.

அவர் போட்டுக்கொண்டது பேனா மாதிரியான இன்சுலின் ஊசி. அடியில் இருக்கும் திருகைத் திருப்பினால் ஒவ்வொரு அளவுக்கும் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வரும். குருடருக்காக வைத்த சத்தம் அல்ல அது, தானாக அமைந்தது. ஆனால் நாள் முழுக்க வரப்பு மேல் நின்று, போகிற கூடைகளை வாயாலேயே எண்ணி, ஒன்றுகூடத் தவறவிடாதவருக்கு அது போதும். “கூடைய எண்ணினவளுக்கு இது இன்னா பெரிய கணக்கு” என்பார். எத்தனை கிளிக் போடுவது என்பதை மட்டும் சுகர் எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காலைச் சுகர் இருநூறைத் தாண்டினால் வழக்கத்தைவிட நான்கு கிளிக் கூடுதல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த எண்ணைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

போன் விற்கிறவள் நான் இருக்கும்போது இதெல்லாம் ஒரு கஷ்டமா என்று இறங்கினேன். முதலில் அவருக்கு ஒரு டச் போன் வாங்கிக்கொடுத்து, திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதியைப் போட்டுவிட்டேன். போன் பேசியது. ஆனால் அவர் விரல் பட்டால் அதற்குத் தெரியவில்லை. உப்பு தின்று காய்த்துப்போன விரல்கள் அவை. அவர் தட்டத் தட்ட அந்தக் கண்ணாடி கல் மாதிரி கிடந்தது. அப்புறம் ஈரத்துணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலை நனைத்து நனைத்துத் தட்டக் கற்றுக்கொண்டார். நான் ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் வீடியோவில் கூப்பிடுவேன். அவர் போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து, மெஷினை அதன் எதிரே பிடிப்பார். நான் எண்ணைப் படித்துச் சொல்வேன். அவர் கிளிக்கை எண்ணி ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அந்த மெஷினில் செருகும், ரத்தச் சொட்டை உறிஞ்சும் பட்டைகள் கிடைக்காமல் போயின. மாடல் பழசாகிவிட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். போனோடு சேர்ந்து வேலை செய்யும் புது மெஷின் ஒன்றை வாங்கினேன். எண் நேராகப் போனுக்கு வந்துவிடும், போன் வாசித்துவிடும், இனி நான்கூடத் தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். மேஸ்திரியம்மா ஆசையாக விரலை நனைத்துத் தட்டினார். போன் “பெயரிடாத பொத்தான்” என்றது. நகர்த்தினால் “படம்” என்றது. மறுபடியும் “பெயரிடாத பொத்தான்”. எண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னது. கம்பெனிக்குப் போன் போட்டேன். எதிர்முனையில் பேசிய பெண் ரொம்ப மரியாதையாக, “ஸ்கிரீன்ல ரிசல்ட் தெரியும் பாருங்க மேடம்” என்றாள். பார்க்கிறவருக்குக் கண் தெரியாதும்மா என்றேன். “வீட்ல வேற யாராவது இருந்தா பாக்கச் சொல்லுங்க மேடம்” என்றாள். எழுதிப் போட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் நன்றி சொன்னார்கள்.

ஆகவே பழையபடி வீடியோவுக்கே வந்தோம். ஆனால் பழைய மெஷினில் பட்டையைக் கீழ்ப்பக்கம் செருக வேண்டும், புதிதில் மேல்பக்கம். அவர் கை பழக்கத்தில் பட்டையைக் கீழே வைத்தே பிடிக்கும். திரையில் எண் தலைகீழாக வரும். “திருப்புங்கம்மா” என்பேன், சிரித்துக்கொண்டே திருப்புவார். மூன்றோ நான்கோ ஏழோ தலைகீழாக நின்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் மெஷினில் வருவது கோடு கோடான எழுத்து. அதில் ஒன்றும் பூஜ்யமும் இரண்டும் தலைகீழானாலும் ஒன்றும் பூஜ்யமும் இரண்டும்தான். இது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அன்றைக்குக் கடையில் ஒரு ஆள் ரீசார்ஜ் ஏறவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். நான் ஒரு கண்ணை அவர்மேல் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். படம் கலங்கலாக இருந்தது. 201 என்று தெரிந்தது. “இருநூத்தி ஒண்ணும்மா” என்றேன். “அடியாத்தா, நேத்து ஒண்ணும் தின்னலியே” என்றார். நான்கு கிளிக் கூட்டிப் போட்டுக்கொண்டார். நான் சொன்னால் அவருக்குச் சரிதான்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அவரைச் சுவரோரம் கிடக்கக் கண்டாள். உடம்பெல்லாம் வேர்த்து, வாய் குழறியதாம். ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குளுக்கோஸ் ஏறியதும் உயிர் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் மகனைத் திட்டிக்கொண்டிருந்தார். “கண்ணு தெரியாதவங்க கையில இத யாருப்பா குடுக்கச் சொன்னது?” மகன் உப்புக் காலோடு தலைகுனிந்து நின்றான். கட்டிலில் கிடந்த மேஸ்திரியம்மா மெல்ல, “நான்தான் எண்ணும்போது தப்பு வுட்டுட்டேன் போல” என்றார். எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். அது எவ்வளவு சீக்கிரம் எல்லோருக்கும் நியாயமாகப்பட்டது.

மெஷின் ஒரு பையில் இருந்தது. வெளியே எடுத்துப்போய்க் கடைசியாகப் பார்த்த அளவு என்ன என்று தட்டிப் பார்த்தேன். 102 என்று காட்டியது. நான் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். 201. மறுபடி திருப்பினேன். உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம்தான். வேறு அழகான காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு பேனாவும் மெஷினும் மருமகள் கைக்குப் போயின. அவள் அளத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால், விடியாத வேளையிலேயே அவரை எழுப்பி, பயத்தில் குறைத்த அளவில் ஒரு ஊசியைப் போட்டு, நாலு இட்லியைத் தின்னவைத்துவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளால் அவ்வளவுதான் முடியும். அடுப்புப் பக்கமும் அவரை விடவில்லை. சுகர் இறங்கவே இல்லை. கால் விரலில் வந்த புண் ஆறாமல் நின்றது. எப்போது போனாலும் பாயில் உட்கார்ந்திருந்தார். எண்ணத் தெரியாதவளாகிவிட்டேன் என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் நான் சீக்கிரமே கிளம்பிவிடுவேன்.

ஆறு மாதம் கழித்து அவரிடம் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். எண்ணைத் தலைகீழாகப் படித்தது நான்தான் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப நான் எண்ணினது சரிதானா?” என்று கேட்டார்.

“சரிம்மா. நான் சொன்னதுக்குச் சரியா எண்ணியிருக்கீங்க.”

“இத எம்மவன்கிட்ட சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டான்.”

வாசலில் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கால் கழுவிக்கொண்டிருந்தான் மகன். அவனிடமும் சொன்னேன். கோபப்படவில்லை. நல்ல பிள்ளை அவன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “நல்லா கண்ணு தெரியிற நீங்களே தப்பா படிச்சிட்டீங்க. இனிமே எந்த தைரியத்துலக்கா அம்மா கையில இத குடுக்கிறது?” என்றான். மெஷின் வாய் திறந்து ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் என் கண்ணும் வேண்டாம், அவன் தைரியமும் வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அதைக் கேட்க வேண்டியவர்கள் யாரும் அந்த வழியில் இல்லை.

அன்றைக்கு நான் கிளம்பும்போது மேஸ்திரியம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நாளைக்குக் கடை தொறந்ததும் போன் பண்ணுவியா?” என்றார். “பண்றேம்மா” என்றேன். இப்போதும் தினமும் ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். விரலை நனைத்துத் தட்டிப் போனை எடுக்கிறார். மெஷின் இன்னும் மருமகளிடம்தான். நான் படித்துச் சொல்ல எந்த எண்ணும் இல்லை. அவரும் கேட்பதில்லை.