வாத்துப் படகுக்கு ஏழடி வால்

கீழ்க்கட்டளையில் எந்த அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டார் நின்றாலும் ஏசுபாதத்துக்குத்தான் போன் போகும். முப்பத்தோரு வருஷமாக அதே பிழைப்பு. கைராசிக்காரர்தான், ஆனால் வாய் சரியில்லை. ஸ்பானரைக்கூடத் திட்டிக்கொண்டேதான் எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஆறு மாதமாக ஒரே ஒரு இன்ஜினிடம் தோற்றுக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலில் சோறுகூட இறங்கவில்லை.

எல்லாம் அக்கா ஞானம்மாளுக்காக. செம்பாக்கம் ஏரிப்பக்கம் பள்ளமான தெருவில் அவள் வீடு. இரண்டு கிட்னியும் போய்விட்டது. திங்களும் வியாழனும் தாம்பரத்தில் டயாலிசிஸ், ஒரு தடவை தவறினாலும் மூச்சு முட்டும். இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் புயலில் தெருவே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. அவளைக் கூட்டிப்போக வந்த மீட்புப் படகின் விசிறியில் ஆகாயத்தாமரையும் யார் வீட்டு நைட்டியோ ஒன்றும் சுற்றிக்கொண்டு, படகு தெருமுனையிலேயே படுத்துவிட்டது. இரண்டு தடவை தவறிப்போய், அக்கா பிழைத்ததே பெரிய பாடு.

"இன்னொரு வாட்டி எவனையும் நம்பிக்கினு குந்த மாட்டேன்" என்றார் ஏசுபாதம்.

கோவிலம்பாக்கத்தில் மூடிப்போன ஒரு பூங்காவிலிருந்து மிதிபடகு கிடைத்தது. வாத்துப் படகு. தலையை அறுத்தாகிவிட்டது, கழுத்து மட்டும் வர மாட்டேன் என்றது. பின்னால் தண்ணீர் இறைக்கிற பெட்ரோல் இன்ஜின். அதிலிருந்து ஏழடி இரும்புக் குழாய், உள்ளே சுழலும் தண்டு, நுனியில் விசிறி. இந்த நீள வால் தண்ணீரில் சாய்வாகப் படுத்திருக்கும். குப்பை வந்தால் கைப்பிடியை அழுத்தி வாலைத் தூக்கிவிடலாம், முழங்கால் தண்ணீரிலும் ஓடும். கணக்கெல்லாம் சரிதான். ஓடினால்தானே!

ஏரியில் விட்டால் பத்து நிமிஷம் ஜோராகப் போகும். அப்புறம் இருமும், திணறும், நின்றுவிடும். ஏசுபாதம் கார்புரேட்டரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், பெட்ரோல் பங்கையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, முன்னைவிட இறுக்கமாக முடுக்கினார். மறுபடியும் பத்தே நிமிஷம். கரையில் நின்று அக்கா மகன் ஆல்வின் சிரித்தான்.

"மாமா, ஆஸ்பத்திரி பக்கத்துலயே வூடு பாத்துடலாம். இந்தப் பேஜாரே வேணாம்."

"உங்கம்மா அந்த வூட்ட வுட்டு வருவாளாடா? போடா, வந்துட்டான் ஐடியா குடுக்க!"

இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வியாழக்கிழமை காலையில் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். ஆல்வின் மெயின் ரோட்டில் ஆட்டோவோடு காத்திருந்தான். அங்கே போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. ஞானம்மாளை வாத்தின் வயிற்றுக்குள் உட்கார வைத்து, ஏசுபாதம் இன்ஜின் கயிற்றை இழுத்தார். கிளம்பியது. இரண்டு தெரு தாண்டியதும் இருமியது, திணறியது, நின்றது.

இழுத்தார், இழுத்தார், உள்ளங்கைத் தோல் உரிகிறவரை இழுத்தார். அசையவில்லை. "சனியனே!" என்று வாலை எட்டி உதைத்தார். கால்தான் வலித்தது. வாலைத் தூக்கி விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. குழாய் நுனியில் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, தண்டைச் சுற்றி அவர் திணித்து நட்டுப் போட்டு முடுக்கிய அடைப்புக் கயிறுதான் தண்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தக் கயிற்றில் தண்ணீர் கொஞ்சம் கசிய வேண்டும், கசிந்தால்தான் தண்டு சூடேறி இறுகாமல் சுழலும். இது தொழிலுக்கு வந்த முதல் வாரமே தெரிந்த பாடம். மோட்டார் பம்பிலும் இதே கயிறுதான், ஆனால் அடுக்குமாடிக்காரர்கள் விடுவார்களா? ஒரு சொட்டு விழுந்தால் போதும், "மிஸ்டர் ஏசுபாதம், லீக் ஆகுது" என்று போன். முப்பத்தோரு வருஷம் அவர்களுக்காக ஒரு சொட்டும் கசியாதபடி முடுக்கி முடுக்கி, கை அதற்கே பழகிவிட்டது.

"நானே, நானேதான்க்கா நிறுத்திவெச்சேன்! ஆறு மாசம்! முட்டாப் பய நான்!" தண்ணீரில் குதித்து ஸ்பானரைப் போட்டார்.

"வுட்றா தம்பி. வூட்டுக்கே போய்டலாம்" என்றாள் ஞானம்மாள்.

"இன்னா சொல்ற நீ? இதோ ஆச்சு!"

"அன்னிக்கு அந்தப் படகு நின்னுச்சே, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுடா. இனிமே ஊசி இல்ல, மெஷின் இல்லன்னு. உங்கிட்ட சொன்னா நீ திட்டுவியேன்னுதான் சொல்லல."

ஏசுபாதத்தின் கை நின்றுவிட்டது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து கண்ணீரும் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஆறு மாதமாக இன்ஜினிடம் கேட்ட கேள்வியில் ஒன்றையாவது இவளிடம் கேட்டிருக்கலாம்.

"எனக்கு இது ஒண்ணுதாங்க்கா தெரியும்" என்றார். "வேற எப்டி உன்ன வெச்சிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. நீ வேணான்னா திருப்பிடறேன். சத்தியமா திருப்பிடறேன்."

அடைப்புக் கயிற்றின் நட்டு தளர்ந்திருந்தது. விசிறி கைக்கு லேசாகச் சுற்றியது. அவர் படகில் ஏறி, இன்ஜின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இழுக்காமல் நின்றார்.

ஞானம்மாள் தம்பியின் தோல் உரிந்த கையைப் பார்த்தாள். அப்புறம் மடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள்.

"இன்னாடா பாத்துகினு கீற? இழு. லேட்டானா பெட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."