முப்பத்தொன்றாவது மீட்டர்

எங்கள் சென்னீர்குப்பத்தில் அந்த நாளில் இரும்பு மீட்டர் கோல் இருந்த வீடு எங்கள் வீடு ஒன்றுதான். பெருமையாகத்தான் சொல்கிறேன். அம்மா ரவிக்கை தைப்பவள். மற்றவர்கள் முழம் போட்டுத் துணி அளந்துகொண்டிருந்தபோது அவள் கோல் வைத்து அளப்பாள். ஒரு விரற்கடை கூடாது, குறையாது. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் மீட்டர் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கோளாறே அங்கேதான் வந்தது.

அப்பா வெல்டர். திருமழிசையில் ஒரு பட்டறையில் இருந்தவர், எண்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஏஜெண்டு மூலமாக ஈராக்குக்குப் போனார். அங்கே எண்ணெய்க் குழாய் பற்றவைக்கிற வேலை. முதல் லீவில் வந்தபோது பெட்டியைத் திறப்பதைப் பார்க்கத் தெருவே எங்கள் வாசலில் நின்றது. சென்ட்டு வரும், சீட்டித் துணி வரும் என்று எல்லாருக்கும் நினைப்பு. பெட்டியில் இருந்தவை இரண்டு ரேடியோ. இரண்டும் ஒரே மாதிரி.

“இன்னா மச்சான், ரேடியோ கடை வெக்கப் போறியா?” என்றார் மாமா. அவர் அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கி அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்வந்தார். எதைச் சொன்னாலும் கேலியாகத்தான் சொல்வார்.

“ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு” என்றார் அப்பா.

லீவு முழுக்க அப்பா பேசியது அந்த ரேடியோவைப் பற்றித்தான். அங்கே மணலுக்கு நடுவில் தகரக் கொட்டகை. வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். ஏரியல் கம்பியில் தாமிரக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் கட்டினால்தான் தமிழ் வருமாம். அதுவும் நேராக வராது. ஒரு பக்கம் அரபிக்காரன், இன்னொரு பக்கம் எந்த நாட்டுக்காரனோ, இரண்டு பேச்சுக்கும் நடுவில் நம் பேச்சு முங்கி முங்கி எழுந்திருக்குமாம். செய்தி வாசிக்கிறவள் வணக்கம் என்றதும் கொட்டகையில் அத்தனை பேரும் திரும்ப வணக்கம் சொல்வார்களாம். அதைச் சொல்லும்போது அப்பா கையைக் கூப்பியே காட்டினார்.

“ஊர்ப் பேச்சு காதுல வுழுந்தாத்தான் சோறு எறங்குது” என்றார்.

“ஆமா, நான் வடிச்சுக் கொட்டுனா எறங்காது. ரேடியோக்காரி சொன்னா எறங்கும்” என்று நொடித்தாள் அம்மா.

ஒரு ரேடியோவை எங்களுக்கு வைத்துவிட்டு அவர் கிளம்பினார். கிளம்பும்போது அம்மாவிடம் சொன்னார்: “நான் அங்க முப்பத்தொண்ணு மீட்டர்ல வெச்சிருப்பேன். நீயும் இங்க அதையே வெய்யி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான கேக்குறோம், அப்புறம் இன்னா தூரம்?”

அதிலிருந்து விளக்கு வைக்கிற நேரமானால் அம்மா தையல் மிஷினை நிறுத்திவிடுவாள். மாமா ரேடியோவின் சிவப்பு முள்ளைத் திருப்புவார். ஓர் இரைச்சல், ஒரு சீழ்க்கை, அதற்குப் பின்னால் வெகு தூரத்திலிருந்து ஒரு குரல்: “சிற்றலை வரிசை முப்பத்தொரு மீட்டரில்...” அப்பாவும் இந்நேரம் இதையே கேட்டுக்கொண்டிருப்பார் என்பாள் அம்மா. அங்கே இன்னும் வெயில் என்பாள். நான் மாமாவைக் கேட்டேன், அப்பா முப்பத்தொரு மீட்டரில்தான் இருக்கிறாரா என்று.

“பின்னே? அங்கதான் கீறாரு உங்கப்பா. சந்தேகம்னா கோல எட்த்துகினு போய் அளந்து பாரு.”

மறுநாள் அளந்தேன். ரேடியோ மேசையிலிருந்து தொடங்கி, வாசற்படி இறங்கி, சந்து நெடுகக் கோலைப் புரட்டிப் புரட்டி வைத்துப் போனேன். முப்பத்தொன்று முடிந்த இடம் எங்கள் சந்து பெங்களூர் ரோட்டில் சேர்கிற மதகு. அப்பா அங்கே இல்லை என்பதை நானும் பார்த்தேன், குருடி இல்லை. ஆனால் வந்தால் அங்கேதான் வருவார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அது ஒன்றும் தப்பில்லை. பஸ்ஸும் அங்கேதான் நின்றது. அன்றிலிருந்து சாயங்காலமானால் மதகுச் சுவரில் போய் உட்கார்ந்துவிடுவேன். ரேடியோ நேரத்துக்குத் திரும்பி வருவேன்.

அப்பா போன மழைக்காலத்துக்கு அடுத்த மழைக்கு முன்னால் அங்கே சண்டை மூண்டது. அதைச் சொன்னதும் அந்த ரேடியோக்காரிதான், பாட்டுக்கு முன்னால் பேசுகிற அதே குரலில். அதன் பிறகு அப்பாவிடமிருந்து ஒரு வரி கிடையாது. ஏஜெண்டு வீடு பூட்டிக் கிடந்தது. அம்மாவுக்கு மிச்சம் இருந்தது ரேடியோ மட்டும்தான்.

ஒருநாள் செய்தியில் எண்ணெய்க் கிடங்குகள் எரிகின்றன என்றார்கள். அம்மா மாமாவிடம் திரும்பி, “கெடங்குன்னுதான சொல்றா? ஆளுங்கன்னு சொல்லலியே?” என்று கேட்டாள். மாமா முள்ளைத் திருப்பி எங்கேயோ பாட்டு வருகிற இடத்தில் வைத்தார். அம்மா அவர் கையைத் தட்டிவிட்டு முள்ளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். தமிழ் முடிந்து, பாஷை தெரியாத யாரோ பேசத் தொடங்கின பிறகும் அணைக்க மாட்டாள்.

“அக்கா, பேட்டரி தீந்துடும்.”

“தீரட்டும். அவரு இன்னும் கேட்டுக்கினு இருந்தா?”

தைக்க வந்த துணிகள் வெட்டாமலே குவிந்தன. கிறிஸ்துமஸ் வந்துகொண்டிருந்தது. கோயில் தெருவில் மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். துணி கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்காமல் போவார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம் நான் மதகில் உட்கார்ந்திருந்தபோது பஸ்ஸிலிருந்து ஒருத்தர் இறங்கினார். வெயிலில் கருகின முகம், புதுச் சட்டை, தோளில் அப்பாவுடையது போலவே ஒரு ரெக்சின் பை.

“பாப்பா, ஈராக்கு போன வெல்டர் ஊடு எது?”

“எங்க ஊடுதான். எங்கப்பாதான் அது. நான் அவருக்காகத்தான் குந்திக்கினு கீறேன்.”

“இங்கயா?”

“இதான் முப்பத்தொண்ணாவது மீட்டர். கோல் வெச்சு அளந்துட்டேன்.”

வேறு யாராவது இருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் என் பக்கத்தில் மதகுச் சுவரில் உட்கார்ந்தார். அவரும் அந்தக் கொட்டகையில் வணக்கம் சொன்னவர்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? சந்துக்குள் எங்கள் வீட்டைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “அம்மாகிட்ட குடு. நாளிக்கு வரேன்னு சொல்லு” என்றார். வீட்டுக்கு வாங்க என்று நான் கூப்பிடக் கூப்பிட ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பொட்டலத்தில் பேரீச்சம்பழம். மேலே அரபி எழுத்து.

அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இன்னாடி சொன்னான்? சொன்னத அப்டியே சொல்லு.”

“நாளிக்கு வரேன்னாரு.”

“அழுதானா?”

“இல்லம்மா. சிரிச்சாரு.”

அம்மா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் சிரித்ததைப் பார்த்தேன். “டேய், அவரு நல்லாத்தான் கீறாருடா” என்றாள் மாமாவிடம். “கெட்ட சேதி சொல்ல வர்றவன் எவன்டா இனிப்பு எட்த்துகினு வருவான்? வெறுங்கையோடதான் வருவான். நம்ம அப்பா செத்தத சொல்ல வந்தவன் கையில ஒரு வெத்தல இருந்துச்சா?”

“ஊட்டாண்ட வரைக்கும் வந்தவன் உள்ள வந்து சொல்லிட்டுப் போயிருக்கலாமேக்கா.”

“வாயக் கழுவு. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள கீது. மொதல்ல அவங்கள பாக்க வேணாமா?”

எங்கள் பக்கத்தில் அது சட்டம் மாதிரி. துக்கம் சொல்லப் போகிறவன் ஒன்றும் எடுத்துப் போக மாட்டான். மாமாவுக்கும் அது தெரியும். அம்மா கொடுத்த பழத்தை வாயில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

என்னை அம்மா தெருவுக்கு அனுப்பினாள். கிண்ணத்தில் பழத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், “எங்கப்பா குட்த்தனுப்பினாரு” என்று கொடுத்தேன். எல்லாரும் வாங்கித் தின்றார்கள், கொட்டையைத் துப்பினார்கள், தோத்திரம் என்றார்கள். திரும்பி வந்தபோது மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தது. அம்மா தலையில் பூ வைத்துக்கொண்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, குவிந்திருந்த துணிகளை வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இரைச்சல் அதிகம்; பாட்டு வந்து வந்து மறைந்தது. மறைந்த இடத்தையெல்லாம் அம்மாவே பாடி நிரப்பினாள்.

மறுநாள் அம்மா பருப்பு வேகவைத்து, வடைக்கு ஊறப்போட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சந்தில் அவர் வருவது தெரிந்தது. தனியாக வரவில்லை. கோயிலில் ஜெபம் சொல்லித்தருகிற உபதேசியார் கூட வந்தார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அவர்களுக்குப் பின்னால் மாமா, தலையைக் குனிந்துகொண்டு.

நான் முந்திக்கொண்டு ஓடினேன். நேற்று கொடுத்தவர் இன்றைக்கும் கொண்டுவந்திருப்பார் அல்லவா? அவர் தோளில் பை இல்லை. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து விரித்துப் பார்த்தேன்.

“இன்னிக்கு ஒண்ணுமே எட்த்துகினு வரலியா?”

சத்தமாகத்தான் கேட்டேன். வாசலில் நின்றிருந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. நான் விரித்துப் பிடித்திருந்த அந்தக் கைகளைத்தான் பார்த்தாள். அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதற்குள் அம்மா கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்து படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்குப் பழம் வராததுதான் குறை என்று எனக்குப் பட்டது. ஓடிப்போய் அவள் தோளைத் தொட்டு, “பரவால்லமா, நேத்து குட்த்ததே இன்னும் மிச்சம் கீது” என்றேன்.