ஃபேன் கன்டென்சரும் அக்காவின் கிட்டாரும்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் ஒரு பேச்சு உண்டு: ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கன்டென்சர், மனுஷன் மெதுவாகச் சுற்றினால் சுகர். இரண்டாவதற்கு டாக்டர் இருக்கிறார். முதலாவதற்கு என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு வேலை என்னவோ இன்சூரன்ஸ் ஆபீசில்தான். ஆனாலும் ஸ்கூட்டர் டிக்கியில் புது ஃபேன் கன்டென்சர் ஒன்று எப்போதும் கிடக்கும்.

கீழ்க்கட்டளையில் இருக்கும் என் அக்கா பள்ளிக்கூட டீச்சர். நாற்பதைத் தாண்டிய பிறகு, போனில் வீடியோ பார்த்துக் கிட்டார் கற்றுக்கொண்டாள். யாரோ விற்கிறார்கள் என்று ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் வாங்கினாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் கொயருடன், அதாவது சர்ச் பாட்டுக் குழுவுடன், வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. ஒத்திகையில் கொயர் மாஸ்டர் ஒரு பாட்டு முழுக்கப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சிஸ்டர், நாங்க பாடுறோம், உங்க கிட்டார் தாளிக்குது. அடுத்த ஒத்திகைலயும் இப்படித்தான்னா அத வீட்லயே வெச்சுட்டு வந்து எங்களோட நின்னு பாடுங்க" என்றாராம்.

இதைப் போனில் சொன்னபோது அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதைக் கேட்டதும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

கிட்டாரில் இரண்டு குமிழ்கள். ஒன்று வால்யூம், இன்னொன்று டோன். வால்யூமைத் திருகினால் சத்தம் கூடிக் குறைந்தது. டோனை எந்தப் பக்கம் திருகினாலும் அதே கீச்சுக் குரல். முன்பக்கத்து பிளாஸ்டிக் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். டோன் குமிழின் அடியில் ஒற்றைக் கால் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலுக்கு உரிய கன்டென்சர் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது.

"அக்கா, வெறும் கன்டென்சர்தான்" என்றேன். சொந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன் மாதிரி இருந்தது எனக்கு.

டிக்கியில் இருந்ததைக் கொண்டுவந்து ஒயரை இணைத்தேன். அது உள்ளே அடங்கவில்லை. கிட்டாரின் இடுப்பில் தண்ணீர் பாட்டில் போலத் தொங்கியது. அக்கா டோனைக் குறைத்துக்கொண்டே வாசித்தாள். சத்தம் கம்பளிக்குள் போனது, அப்புறம் கிணற்றுக்குள் போனது, கடைசியில் காணாமலே போனது.

சமையலறையில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்த மாமா, அதாவது அக்காவின் கணவர், எட்டிப் பார்த்தார். "மச்சான், கிட்டார தூங்க வெச்சுட்டியா? ஒரு சிட்டிக உப்பு போடுற எடத்துல ஒரு படி கொட்டிருக்க போல."

அந்த ஒரு படியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கம்பி அதிரும்போது அதன் கீழே இருக்கும் காந்தச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அது வால்யூம் குமிழ் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. டோன் என்பது போகிற வழியில் ஒரு வடிகால். குமிழைக் குறைத்தால் வடிகால் திறக்கும். அதன் வாயில் இருக்கும் சல்லடைதான் கன்டென்சர். சின்னதாக இருந்தால் கீச்சுச் சத்தம் மட்டும் வடிந்து எர்த்துக்குப் போகும், கனத்த சத்தம் நமக்கு மிஞ்சும். நான் மாட்டியதோ ஃபேனைச் சுற்றவைக்கிற பெரிய சரக்கு. ஓட்டை பெரிதானால் அரிசியும் சேர்ந்துதானே போகும்?

பரணில் மாமாவின் ஓடாத ரேடியோ ஒன்று கிடந்தது. "அத தொடாத, ஒரு நாள் ரெடி பண்ணுவேன்" என்று பல வருஷமாகச் சொல்லிவந்தவர், அன்று அவரே இறக்கிக் கொடுத்தார். அதிலிருந்து புளியங்கொட்டை அளவில் நாலைந்து கன்டென்சர்களைக் கழற்றினேன். மேலே எழுதியிருந்தது அழிந்துபோயிருந்ததால் ஒவ்வொன்றாக க்ளிப்பில் மாட்டிப் பார்த்தோம். அக்கா அதே பாட்டின் அதே வரியை வாசிப்பாள். மாமா அடுப்பைப் பார்த்தபடியே தீர்ப்பு சொல்வார்.

"இது இன்னும் மாமியார் குரல்."

"எந்த மாமியார்?" என்றாள் அக்கா.

"பொதுவா சொன்னேன்மா. அடுத்தத மாட்டு மச்சான்."

அடுத்தது ஜலதோஷம் பிடித்த குரலாம். அதற்கடுத்ததை மாட்டினேன், அக்கா வாசித்தாள். திரும்பிப் பார்த்தால், மாமா கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "இது நீ வாசிக்கிற மாதிரியே இருக்கு" என்றார். அக்கா தலையைக் குனிந்து டோன் குமிழைத் தேவையில்லாமல் திருகிக்கொண்டிருந்தாள். நான் ஈயத்தை உருக்கி அதையே பற்றவைத்தேன்.

சாம்பாரில் தாளிப்பைக் கொட்டும்போது மாமா அக்காவிடம் சொன்னார்: "உங்க மாஸ்டர் சொன்னது தப்பில்ல. ஆனா தாளிப்பே வேணாம்னு யாரு சொன்னா? கடைசில கொட்டணும்."

சனிக்கிழமை ஒத்திகைக்கு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். டோனைப் பாதிக்கும் கீழே இறக்கிவைத்து அக்கா வாசித்தாள். குரல்களுக்கு அடியில் ஜமக்காளம் விரித்தது போல இருந்தது. மாஸ்டர் கையை வீசிக்கொண்டே இருந்தார்; கண்ணாடியைக் கழற்றவில்லை. கடைசிச் சரணம் வந்தது. அக்காவின் சுண்டுவிரல் டோன் குமிழை மெல்ல முழுக்கக் கூட்டிவிட்டது. பழைய கீச்சுக் குரல், ஆனால் அந்த இடத்தில் அது மணியடிப்பது போல மேலே ஏறியது. நான் மாஸ்டரின் கண்ணாடியைப் பார்த்தேன்.

பாட்டு முடிந்ததும் மாஸ்டர் தாள்களை அடுக்கினார். "சிஸ்டர், கடைசில என்னமோ பண்ணீங்களே."

"ஆமா சார்" என்றாள் அக்கா.

"ஆராதனைலயும் மறக்காம அதப் பண்ணுங்க."