ஒன்பதாம் கட்டிலருகே பதினொரு நிமிடம்

2006 மார்ச் 4, சனி: பட்டினி 14 மணி நேரம்.
மார்ச் 5, ஞாயிறு: 13½.
மார்ச் 6, திங்கள்: 15.
மார்ச் 7, செவ்வாய்: 14½.
கூட்டுத்தொகை: 57.

எழுபத்தொரு வயது வீரம்மாளை அறுவை சிகிச்சைக்கென்று வெறும் வயிற்றில் கிடத்திவிட்டு, ஒவ்வொரு நண்பகலும் "இன்று இல்லை" என்று சொன்ன கணக்கு இது. குவைத்தின் மங்காஃப் பகுதியில் இருந்த மகன் பாலகுருவைப் பார்க்க வந்தவர், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவரைச் சேர்த்த தனியார் மருத்துவமனையில் நான் கோப்புகளைப் பராமரிக்கும் குமாஸ்தா. அவர் கிடந்த வார்டின் நர்ஸ் இன்பமணியைப் பற்றி எழுதத்தான் பழைய குறிப்பேட்டை எடுத்தேன்.

இன்பமணி குளச்சல்காரி. ஒன்பது ஆண்டு சர்வீஸில் நோய் விடுப்பு மொத்தம் ஆறே நாள்.

எங்கள் டாக்டர்கள் மூவரும் மெத்தப் படித்தவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பது மட்டும் அந்தப் படிப்பில் சேரவில்லை. எலும்பு டாக்டர் வெங்கட்ராமனுக்கு வெள்ளைத் தாள், மயக்க மருந்து டாக்டருக்கு மஞ்சள், இதய டாக்டருக்குப் பச்சை. வெள்ளையில் தினமும் "நாளை அறுவை". மஞ்சளில் தினமும் "இதயப் பரிசோதனைக்குப் பிறகு". பச்சை காலி. இதய டாக்டரை அழைப்பது அவர் வேலை என்று இவரும், இவர் வேலை என்று அவரும் நிம்மதியாக இருந்தார்கள். இன்பமணி இரண்டு முறை போன் செய்தாள். நர்ஸ் கூப்பிட்டால் வர முடியாது, டாக்டர் எழுதிக் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. வண்ணத் தாள் ஏற்பாடு என்னுடையது. அதற்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் வேறு.

"கஞ்சித் தண்ணியாவது குடு தாயி. உசுரோட இருந்தாத்தானே அறுப்பாக?" என்றார் வீரம்மாள், நான்காம் நாள்.

இன்பமணி நேராக என் மேஜைக்கு வந்தாள். "சார், உமக்க கலர் பேப்பர வச்சுப் பட்டம் விடலாம். பாட்டிக்க நெஞ்சுல சளி கேக்குது. இன்னும் ரெண்டு நாள் மல்லாந்து கெடந்தா பெட்டியிலதான் ஊருக்கு அனுப்பணும்."

"மே மாசம் உன் காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். வாயை மூடிக்கிட்டு டூட்டியைப் பாரும்மா."

"வாய மூடுததுக்கு நீரு ஒராளு போதும்" என்றவள், என் மேஜையிலிருந்தே மூன்று டாக்டர்களுக்கும் போன் செய்தாள். மெடிக்கல் டைரக்டர் பன்னிரண்டரைக்கு ஒன்பதாம் கட்டிலுக்கு வருகிறார், உங்களைக் கேட்டார் என்று ஒரே வாசகம்.

நான்கு நாளாக ஒருவரையொருவர் பார்க்காத மூவரும் நான்கு நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்கள். வெங்கட்ராமன் சலவைக் கோட்டு மாற்றியிருந்தார்.

"டைரக்டர் எங்கே?"

"வந்துட்டே இருக்காரு டாக்டர். அதுக்குள்ள பாட்டியப் பாத்திருங்க."

டைரக்டர் வரும்போது சும்மா நிற்கக் கூடாதே என்று இதய டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். "எக்கோ எடுக்கணும்னு யாரும் சொல்லவே இல்லையே?"

"மஞ்சள்ல எழுதியிருக்கேனே."

"மஞ்சளை நான் ஏன் பார்க்கணும்?"

"சண்டையப் பெறகு போடுங்கய்யா. மொதல்ல அறுங்க" என்றார் வீரம்மாள்.

பதினொரு நிமிடத்தில் முடிந்தது. எக்கோ அன்று மாலை ஐந்துக்கு, அறுவை மறுநாள் காலை எட்டுக்கு. "கலாஸ், எல்லாம் முடிஞ்சுது பாட்டி, கஞ்சி வருது" என்றாள் இன்பமணி. டைரக்டர் வரவில்லை. அவர் அந்த வாரம் முழுக்க துபாயில் இருந்தார்.

ஐந்தாவது பட்டினிக்குப் பலன் கிடைத்தது. மார்ச் 10 அன்று வீரம்மாள் வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றார். ஏப்ரல் 20 அன்று கைத்தடியோடு விமானம் ஏறினார்.

மருத்துவமனையும் எழுந்து நின்றது. முதியோர் எலும்பு முறிவுக்கு ஒரு கூட்டுக் குழு. தினமும் பன்னிரண்டரைக்குக் கட்டிலருகே சந்திப்பு. மூவருக்கும் ஒரே தாள். யோசனை டைரக்டருடையது என்று சுற்றறிக்கை சொன்னது. மூன்று டாக்டர்களின் படம் வரவேற்பறையில் தொங்கியது. இன்பமணி அதில் இல்லை.

அவளுக்கு வேறு மரியாதை. டைரக்டர் பெயரைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு மார்ச் 15 அன்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம். ஏப்ரல் 10 அன்று எச்சரிக்கை. இரண்டையும் பதிவேட்டில் ஏற்றியவன் நான். வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை.

படத்தைப் பார்த்து அவள் சொன்னது: "கொள்ளாம் சார். மூணு பேரும் ஒரே பக்கம் பாத்து நிக்காவ."

காண்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்ற கடைசிக் கடிதம் வார்டுக்கு வந்து சேர்ந்தது 2006 மே 14, ஞாயிறு.