தோஸ்து உள்ள வுழுந்தாலும் நீ எறங்காத

மூன்று வருடங்களுக்கு முன், சமையல் எண்ணெய் டேங்குகள் வைத்திருக்கும் எண்ணூர் கம்பெனி ஒன்றுக்கு நேர்காணலுக்குப் போயிருந்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்பில் டிப்ளமோ முடித்தவள் நான். அது சேஃப்டி உதவியாளர் வேலை. காலையில் உள்ளே வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆபத்துகளை எடுத்துச் சொல்லி அனுப்புவதுதான் அதில் முக்கியமான பகுதி.

அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் என்னைத் தட்டிக் கழித்திருந்தார்கள். ஒன்றில், "எங்க வூடு வியாசர்பாடில கீது சார்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சினிமாவில் எங்கள் பாஷை வந்தால் தியேட்டரில் சிரிப்பார்களே, அதே சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வேலை வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அண்ணன் போன பிறகு வீட்டில் சம்பாதிப்பது அம்மா மட்டும்தான். மூட்டு வலியோடு மீன் கம்பெனியில் நாள் முழுக்க நிற்க அவரால் முடியவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையில் டேங்க் கழுவும் வேலைக்குப் போயிருந்தான். முதலில் இறங்கிய அவன் நண்பன் உள்ளேயே மயங்கி விழுந்தான். அவனைத் தூக்க அண்ணன் இறங்கினான். இரண்டு பேருமே உயிரோடு திரும்பவில்லை. நான் இந்தப் படிப்பை எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

என்னோடு படித்த ராயபுரத்துத் தோழி ஒருத்தி என் பேச்சைத் திருத்துகிறேன் என்று உட்கார்ந்தாள். இன்னா, கீது, வூடு எதுவும் வாயில் வரவே கூடாதாம். வந்தால் தொடையில் ஒரு கிள்ளு. நேர்காணல் நாளன்று டோல்கேட் ஸ்டாப்பில் பஸ் ஏறும்போது என் தொடை கன்றிப்போயிருந்தது, தமிழ் மட்டும் சுத்தமாக இருந்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் மேனேஜர், ஒரு பக்கம் பணியாளர் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண், இன்னொரு பக்கம் சேஃப்டி அதிகாரி. அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. முதலில் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகவே பதில் சொன்னேன். பிறகு அந்த அதிகாரி, "நான் ஒரு கூலியாளுன்னு வச்சுக்கோம்மா. டேங்குக்குள்ள எறங்கப் போறேன். எனக்கு என்ன சொல்லுவ?" என்றார்.

"மூடப்பட்ட கலனுக்குள் நுழையும் முன் உயிர்வாயுவின் அளவைப் பரிசோதிக்க வேண்டும். உரிய அனுமதியின்றி..." என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கலியே. நான் எறங்குதேன்" என்று எழுந்தவர், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குபவர் போல் ஒரு காலைப் பின்னால் வைத்தார்.

அவ்வளவுதான். எனக்கு அது நடிப்பாகவே படவில்லை.

"அண்ணே, எறங்காதண்ணே!" என்று கத்திவிட்டேன். "உள்ள காத்து இல்ல. கண்ணுக்கு ஒண்ணியும் தெரியாது, நாத்தம்கூட வராது. எறங்குன ஒடனே ஆளு காலி. உன் தோஸ்து உள்ள வுழுந்து கெடந்தாலும் நீ எறங்காத. மேலயே நின்னுகினு கத்து. மூச்சு மிஷின் மாட்டிகினு எறங்குற ஆளுங்க கீறாங்க, அவங்க வருவாங்க. நீ எறங்குனா ரெண்டு வூட்லயும் எழவுண்ணே."

நான் எழுந்து நின்றுகொண்டிருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இந்த வேலையும் போச்சு என்று நினைத்தேன். "மன்னிச்சிக்குங்க சார், பேச்சு மாறிடுச்சு" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார்.

அதிகாரி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "வீட்ல யாரும்மா?" என்று கேட்டார்.

"எங்க அண்ணன் சார்."

"இதே மாதிரி தெனமும் காலையில கம்பெனி கேட்டுல நின்னு சொல்லுவியா? ஒரு வார்த்தையும் மாத்தக் கூடாது" என்றார் அதிகாரி. தலையை மட்டும் ஆட்டினேன். யாருமே சிரிக்கவில்லை என்பது வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சில நாட்களில் வேலை கிடைத்த செய்தி வந்தது. உள்ளே நடந்ததை அம்மாவிடம் அன்றுதான் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இத்த அவனாண்ட எவனாச்சும் இப்டி சொல்லிருந்தா, புள்ள எறங்கிருக்க மாட்டானேடி" என்றார்.

இன்றும் தினமும் காலையில் அந்த கேட்டில் நின்று, எங்கள் பாஷையிலேயே கத்திக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருபவர்களில் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், காதில் விழுந்தால் போதும். டேங்க் கழுவும் நாட்களில், உள்ளே இறங்கியவர்கள் எல்லோரும் மேலே ஏறி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. அண்ணனிடம் யாரும் சொல்லாமல் விட்ட வார்த்தைகளுக்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதை நினைத்துச் சோறு இறங்காத நாட்கள் இன்னமும் உண்டு.