நாற்பத்தேழு போன் தொங்கும் சுவர்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "ஆப் பண்ணிக் குடுக்கிற பொண்ணு எங்கங்க இருக்கு?" என்று கேட்டால் எதிரே இருக்கும் பேக்கரியின் மாடியைக் காட்டுவார்கள். ஒரே அறை. ஒரு ஜன்னல், இரண்டு கம்ப்யூட்டர், கீழேயிருந்து நாள் முழுக்க ஏறிவரும் பிரெட் வாசனை. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, முப்பத்திரண்டு வயது ஃபெமினா இந்த மலையில் பாதிப் பேருடைய தொழிலை போனுக்குள் ஏற்றியிருக்கிறாள்.

அவளுடைய அம்மா அடைக்கலமேரி ஒரு போர்டிங் பள்ளியில் பிள்ளைகளின் துணி துவைத்து இஸ்திரி போடும் வேலையை இருபது வருடம் பார்த்தவர். அந்தப் பிள்ளைகள் பேசும் இங்கிலீஷைக் காதில் வாங்கிக்கொண்டு ஃபெமினா தமிழ் மீடியத்தில் படித்தாள். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் பட்டம், கோயம்புத்தூரில் ஐந்து வருடம் கம்பெனி வேலை. ஊரடங்குக்கு வீடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. "மலை மேல உக்காந்து யாருக்கு ஆப் பண்ணப் போற, காட்டுமாட்டுக்கா?" என்று கோயம்புத்தூர் தோழிகள் கிண்டலடித்தார்கள். காட்டுமாட்டைத் தவிர மற்ற எல்லோரும் வந்தார்கள்.

வந்தவர்களின் லட்சணத்தைக் கேட்கவேண்டுமே! ஒரு ஹோம்ஸ்டேக்காரர், ஆப்பைத் திறந்ததும் பனி மூட வேண்டும், பனி விலகிய பிறகுதான் ரூம் தெரிய வேண்டும் என்றார். பனி விலகுவதற்குள் ஆள் வேறு ஓட்டலுக்குப் போய்விடுவான் என்று ஃபெமினா சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் அவரே படியேறி வந்து பனியை எடுத்துவிடச் சொன்னார். ஒரு சாக்லேட் கடைக்காரர், "இன்ஸ்டாகிராம்ல நம்ம கடைக்கு ஒரு வைரல் போட்டு விடுங்க" என்றார், ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்வதைப் போல. இதையெல்லாம் அவள் முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தாள். வாடிக்கையாளர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பது தனி.

அவள் உயிரைக் கொடுத்துச் செய்தது 'கூடை' என்ற ஆப். ஓட்டல்காரர்கள் சங்கத் தலைவர் சண்முகராஜ் கேட்டு வாங்கியது. மன்னவனூரைத் தாண்டி நெடும்பாறை என்று ஒரு சிற்றூர். அங்கே விளையும் கேரட்டும் உருளையும் பூண்டும் புரோக்கர் கை படாமல் நேரே கொடைக்கானல் ஓட்டல் அடுப்படிக்கு வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் மனிதர் ஏற்கெனவே ஒரு முறை சூடுபட்டவர். சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்குப் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறோம் என்று ஒரு வெளியூர் கம்பெனி வந்தது. சேர்த்தும் கொடுத்தது. பிறகு பார்த்தால் அதில் ஒருத்தருக்குக்கூட முகம் கிடையாது, எல்லாம் போலி. அதனால் ஃபெமினாவிடம் அவர் போட்டது ஒரே நிபந்தனை: "ஆளு நெசமான ஆளா இருக்கணும்மா. அவுகவுக சரக்க அவுகவுகளே போடணும்."

அக்டோபரில் நெடும்பாறை விவசாயிகள் நாற்பத்தேழு பேரை மன்னவனூருக்கு வரவழைத்து அரை நாள் சொல்லிக்கொடுத்தாள். மூன்றே பொத்தான். என்ன சரக்கு, எத்தனை மூட்டை, சரி. மறுநாளிலிருந்து ஆப் ஓட ஆரம்பித்தது. காலையில் மூட்டைக் கணக்கு வரும், மத்தியானம் பிக்அப் வண்டி வரும், சாயங்காலம் முப்பத்தாறு ஓட்டல் அடுப்படியில் கேரட் இருக்கும். நான்கு மாதம் ஒரு குறை கிடையாது.

சும்மா இருந்திருக்கலாம். சண்முகராஜின் நிபந்தனை மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததால், பிப்ரவரியில் ஆப்புக்குள் ஒரு காவலாளியை வைத்தாள். அவரவர் கணக்கை அவரவர்தான் போடுகிறாரா என்று வேவு பார்த்து, தலைவருக்கு நேராக அறிக்கை அனுப்பும் ஏற்பாடு அது. முதல் அறிக்கை ஒரு புதன்கிழமை போனது. நாற்பத்தேழு பேரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் என்று வரிசையாகப் போடுகிறார்கள். அமுக்கும் வேகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒரே விரல். மொத்தத்தில் ஒரே ஆள்.

சண்முகராஜ் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறி வந்தார்.

"ஏம்மா ஃபெமினா, ஒன் மிஷினே சொல்லுது, நாப்பத்தேழு பேரும் ஒரே ஆளுன்னு. ஒரு புரோக்கரை உள்ள விட்டு நாப்பத்தேழு பேரு சூட்டி வச்சிருக்க. அப்பிடித்தானே?"

"அண்ணே, அவுங்களுக்கு நானே நேர்ல சொல்லிக் குடுத்தேன். நாப்பத்தேழு மொகத்தையும் பாத்தேன்."

"மொகத்தைப் பாத்த. வெரலைப் பாத்தியா? சனிக்கெழம சங்கக் கூட்டம். இந்த அறிக்கைய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டிட்டு ஆப்பைத் தூக்கிருவோம். வெளியூர்க்காரன் ஏமாத்துனா மறந்துறலாம். ஒன்னய நம்புனேன்ல."

அவர் இறங்கிப் போனார். ஒரு ஆப் போனால் இன்னொன்று செய்யலாம். ஆனால் சின்ன ஊர் இது. முப்பத்தாறு முதலாளிகள் இருக்கும் கூட்டத்தில் 'போலி ஆள் சேர்க்கிறவள்' என்று பெயர் வாங்கினால், அந்த மாடிப்படியில் அப்புறம் யார் ஏறுவார்கள்? வியாழக்கிழமை வெள்ளனே, மன்னவனூர் வழியாகப் போகும் கிளாவரை பஸ்ஸைப் பிடித்தாள்.

மன்னவனூரை அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு மைல் நடந்தால் நெடும்பாறைக்குத் திரும்பும் வளைவு. அங்கே தகரக் கூரை போட்ட டீக்கடை ஒன்று. உள்ளே எட்டிப் பார்த்தவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். சுவர் முழுக்க ஆணி. ஆணிக்கு ஒன்றாக மஞ்சப்பை, சுருக்குப்பை, பிள்ளைகளின் பென்சில் பை. பைக்கு ஒரு போன். ஒவ்வொரு ஆணிக்கு மேலும் சாக்பீஸில் ஒரு பெயர். ராக்காயி. பொன்னுச்சாமி. கண்மணி. திருமலைச்சாமி. எல்லாம் அவள் ஆப்பில் இருக்கும் பெயர்கள்.

கடைக்காரி பிச்சையம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். டீ ஆற்றிக்கொண்டே இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன் கம்பெனியா? டவர் வைக்கிறோம்னு சொல்லிட்டுப் போனவுக வருசம் மூணாச்சு."

"இல்லக்கா. கூடை ஆப் பண்ணது நான்தான்."

"அட, நீதானா! வா, உக்காரு. ஒன் ஆப்பை நான்தான அமுக்கிக்கிட்டுக் கெடக்கேன், காலங்காத்தால!"

விஷயம் இவ்வளவுதான். நெடும்பாறையில் எங்கும் சிக்னல் கிடையாது. இந்த வளைவில் மட்டும் பிடிக்கும். தோட்டத்துக்கு போனைக் கொண்டுபோனால் ஈர மண்ணில் விழுந்து கெடுவதுதான் மிச்சம். ஆகவே காலையில் வேலைக்குப் போகும்போது ஊரே போனை இங்கே மாட்டிவிட்டுப் போகும்; பொழுது சாய எடுத்துக்கொள்ளும். இடையில் யார் கூப்பிட்டாலும் பிச்சையம்மாள்தான் எடுத்துப் பேசுவார். ஆப் வந்த பிறகு, மாட்டும்போதே "அக்கா, நமக்கு ஆறு கேரட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு அவர் ஒவ்வொரு போனாக எடுத்து அமுக்கினார்.

"அவுங்களே அமுக்கணும்னு நான் சொன்னேனேக்கா!"

"போன்ல போடணும்னு சொன்ன. போன் இங்கன கெடக்கு. பெறகு யாரு போடுவா?"

ஃபெமினாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்து தன்மேலேயே கோபம் வந்தது. அரை நாள் நின்று பொத்தானைக் காட்டினாளே, பகலில் உங்கள் போன் எங்கே இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டாளா? இத்தனைக்கும் இதே மலையில் பிறந்தவள்.

வெள்ளிக்கிழமை சண்முகராஜிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஊர்ல இருக்கிற போன் பூராம் ஒரு பொம்பள கையில இருக்குன்னா, அதுக்குப் பேருதாம்மா புரோக்கர்."

"நீங்களே ஒரு தடவ வந்து பாருங்கண்ணே."

"எனக்கு வேற சோலி இல்லையா? நாளைக்குக் கூட்டத்துல பேசிக்கிருவோம்."

சனிக்கிழமை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. சண்முகராஜ் அறிக்கையை ஒரு வரி விடாமல் வாசித்தார். ஃபெமினா எழுந்து சுவரைப் பற்றிச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஹோம்ஸ்டே நடத்தும் ரம்யா, "எதுக்குப் பேச்சு? போனைப் போட்டுப் பாத்துருவோம்" என்று சொல்லி, தன் ஆர்டரில் இருந்த ராக்காயியின் நம்பரை ஸ்பீக்கரில் போட்டார்.

"அலோ, ராக்காயி போனு. சொல்லுங்க" என்றது பிச்சையம்மாளின் குரல்.

ரம்யா வைத்துவிட்டுப் பொன்னுச்சாமியைக் கூப்பிட்டார்.

"அலோ, பொன்னுச்சாமி போனு." அதே குரல். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மூன்றாவது நம்பருக்கும் அதே குரல், இந்தத் தடவை காரமாக: "யாருய்யா அது, ஒவ்வொரு போனா அடிச்சு வெளையாடுறது? எனக்கு அடுப்புல பால் கெடக்கு!"

சண்முகராஜ் அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபெமினாவும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த கணம் மேடையில் ஏறினாள். தன் போனை மண்டபத்தின் பெரிய திரையில் இணைத்து, திருமலைச்சாமியின் நம்பருக்கு வீடியோவில் கூப்பிட்டாள்.

திரையில் பிச்சையம்மாளின் நெற்றி பெரிதாகத் தெரிந்தது.

"அக்கா, நான் ஃபெமினா. இங்க ஓட்டல் மொதலாளிக எல்லாரும் இருக்காங்க. கொஞ்சம் சுவரைக் காட்டுங்க."

சுவர் தெரிந்தது. சிரிப்பு நின்றது. "இப்ப ஒங்க ஆர்டர்ல இருக்கிற நம்பருக்கு ஒவ்வொருத்தரா அடிங்க" என்றாள் ஃபெமினா, மண்டபத்தைப் பார்த்து.

முதல் வரிசையில் ஒருவர் அடித்தார். திரையில் ஒரு மஞ்சப்பை மினுங்கி நடுங்கியது.

"அது கண்மணி போனு" என்றார் பிச்சையம்மாள். "ஆளு வேணுமா? இருங்க." போனோடு கடைக்கு வெளியே வந்தார். படம் குலுங்கி ஒரு நிலைக்கு வந்தது. வளைவுக்குக் கீழே படிப்படியாகத் தோட்டம், பளிச்சென்ற வெயில், குனிந்து பூண்டு பிடுங்கும் முதுகுகள்.

"ஏ, கண்மணீ!"

நான்காவது படியில் ஒரு பெண் நிமிர்ந்து கையைத் தூக்கினாள். "என்னாக்கா?" என்ற குரல் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது.

"கேரட் வாங்குறவுக ஒன்னயப் பாக்கணுமாம்! கையக் காட்டு!"

ரம்யா மறுபடி ராக்காயி நம்பரை அடித்தார். பிச்சையம்மாள் உள்ளே திரும்பி எந்தப் பை என்று பார்த்துவிட்டு ஒரு குரல் கொடுக்க, ஓடைக்கரையில் கேரட் கழுவிக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். "ஏ, பொன்னுச்சாமி!" வரப்பில் ஒரு ஆள் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினான். "ஏ, திருமலைச்சாமி!" ஒருவர் தலைப்பாகையையே கழற்றி வீசினார். இப்போது மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தார்கள். கடைச் சுவரிலிருந்து முருகன் பாட்டும் மாதா பாட்டும் சினிமாப் பாட்டும் சேவல் கூவலும் ஒன்றாகக் கிளம்பின. பிச்சையம்மாள் பெயர் பெயராகக் கூவினார். மலைச்சரிவெங்கும் கைகள் எழும்பின. பதினைந்துக்கு மேல் யாரும் எண்ணவில்லை. கைதட்டல் எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை, மண்டபமே எழுந்து நின்றுவிட்டது.

ஃபெமினா அழுதாள். மேடையில் நின்று, மறைக்காமல், சிரித்துக்கொண்டே அழுதாள்.

சண்முகராஜ் மைக்குக்கு வந்தார். மனிதர் கோபக்காரர்தான், ஆனால் கோணல் புத்திக்காரர் இல்லை. "எல்லாரும் இருக்கும்போதுதான் குத்தம் சொன்னேன். எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன். டீக்கடைக்காரம்மாவப் புரோக்கருன்னு நான் பேசுனது தப்பு. இந்தப் புள்ள சேத்தது நாப்பத்தேழும் நெசமான ஆளு. ஆப்பு நம்மகிட்டதான் இருக்கும்."

"யாருங்க அது, தலைவரா?" என்றது திரை. "என்னயப் புரோக்கருன்னு சொன்னவரு நீங்கதானா?"

சண்முகராஜுக்கு முகம் சிவந்தது. "மன்னிச்சுக்கங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். நாலு மாசமா ஊரு சரக்கு பூராம் என் கையாலதான் போகுது. ஒங்க ஆப்புல என் பேரு மட்டும் இல்ல. ஏம்மா ஃபெமினா, என்னயும் சேரு."

சேர்ப்பதற்கு ஆப்பில் இடமே இல்லை. விற்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டே வகையைத்தான் அவள் வைத்திருந்தாள். மேடை ஓரத்தில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்தாள். முப்பத்தாறு முதலாளிகளும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்து, அதற்கு 'ஊர்ப் பொறுப்பு' என்று பெயர் வைத்து, அதில் பிச்சையம்மாளின் பெயரைப் போட்டாள். புதிதாக யாரைச் சேர்த்தாலும் தலைவர் ஒப்புதல் தர வேண்டும், தந்ததும் எல்லோர் போனுக்கும் தகவல் போகும் என்பது ஆப்பின் விதி. சண்முகராஜின் போனை வாங்கி, ஆப்பைத் திறந்து அவரிடமே நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரை ஒரு முறை வாசித்துவிட்டு, 'சரி'யை அமுக்கினார்.

மண்டபத்தில் முப்பத்தாறு போனும் ஒன்றாக மணி அடித்தன. திரைக்கு அந்தப் பக்கம் நாற்பத்தேழும் அடித்தன.

"வந்துருச்சு!" என்று பிச்சையம்மாள் பள்ளத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, என் பேரு வந்துருச்சுடா!"